இருதயநாதன் அத்தானும் லட்டுவின் முடியும்

என் அக்கா செல்வம்மாளின் வீட்டுக்காரர் இருதயநாதன், இரவல் வாங்கிய பொருளை வாங்கியபடியே திருப்பிக் கொடுத்ததில்லை. அதைவிட நன்றாக்கித்தான் கொடுப்பார். பக்கத்து வீட்டுத் தேங்காய்த் துருவி எங்கள் வீட்டுக்கு வந்தால், பல் தீட்டப்பட்டு, ஆடுகிற காலுக்கு ஆப்பு வைக்கப்பட்டுத்தான் திரும்பும். ஒரு முறை கடைக்கார ராஜமாணிக்கத்திடம் மழைக்கு ஒரு குடை வாங்கி வந்தார். அதன் கைப்பிடி அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தமான் படாக் மரத்தில் புதிதாக ஒன்று கடைந்து மாட்டி, "முந்தினத விட நல்லாருக்கு" என்று சொல்லிக் கொடுத்தார். ராஜமாணிக்கத்துக்குப் பழைய கைப்பிடிதான் பிடித்திருந்தது. அதை அவர் பல வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அத்தான் படகு செய்யும் ஓடாவி. மணப்பாட்டில் வள்ளம் செய்து பழகிய கை. 1958 இல் போர்ட் பிளேருக்குக் கப்பலேறி வந்து, மின்னி பே கரையில் டோங்கி என்கிற மரப்படகு செய்வதும் பழைய டோங்கிகளைச் செப்பனிடுவதுமாக இருந்தார். அந்த வேலை குறைகிற நாட்களில் டெலானிபூர் குவார்ட்டர்ஸ்களுக்குக் கதவு, அலமாரி வேலைக்குப் போவார். அங்கே எல்லாருக்கும் அவர் மிஸ்திரி. அக்காவுக்குத் துணையாக நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன்.

1967 ஏப்ரலில் ஒரு சாயங்காலம் அவர் டெலானிபூரிலிருந்து ஒரு மரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே வாலில்லாத ஒரு பிராணி. முயல் மாதிரி முகம், காது மட்டும் சின்னது. பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக முடி.

"இது என்ன எலி?" என்றாள் அக்கா.

"எலி இல்ல. கினிப்பிக். கிருஷ்ணமூர்த்தி சார் மக சுசீலா வளக்குது. பேரு லட்டு. அவங்க லீவுல மெயின்லேண்டு போறாங்க. ரெண்டு மாசம் நாம பாத்துக்கணும்."

கிருஷ்ணமூர்த்தி சார் அங்கே ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அவர் மகளுக்கு எட்டு வயது. முன்பு அந்த குவார்ட்டர்ஸில் இருந்த டாக்டர் வீட்டார் விட்டுப்போன பிராணி அது. இப்போது அந்தப் பிள்ளை அது இல்லாமல் சாப்பிடாதாம். கப்பலில் கொண்டுபோக அனுமதி கிடைக்கவில்லை. "மிஸ்திரி மாமா, லட்டுவை அப்படியே திருப்பித் தருவீங்களா?" என்று கேட்டிருக்கிறது. "அப்படியே என்ன பாப்பா, இன்னும் நல்லா தாரேன்" என்று அத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

லட்டுவுக்கு ஒரு குறையும் இல்லை. புல் பறிக்கும் சத்தம் கேட்டாலே விசில் அடிக்கும். பெட்டிக்குள் பழைய செய்தித்தாளை விரித்து அதன் மேல் படுத்திருக்கும். அத்தானுக்கு அந்தத் தாள்தான் கண்ணை உறுத்தியது. "கடுதாசி மேல ஒரு சீவன் படுக்கலாமா?" என்று சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி பெரார்கஞ்சுக்குப் போய், தெரிந்த ஒருவரின் களத்திலிருந்து ஒரு கட்டு வைக்கோல் வாங்கி வந்து மெத்தை போட்டார். லட்டு அதற்குள் புகுந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டியது. அத்தான் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

இரண்டு வாரத்தில் லட்டு சொறிய ஆரம்பித்தது. முதலில் கழுத்தை. பிறகு முதுகை. பின்னங்காலைத் தூக்கிச் சொறிந்து சொறிந்து நிலை தவறி உருளும். முதுகில் முடி கொத்தாக உதிர்ந்து, தோல் பொருக்குத் தட்டியது. ஒரு நாள் நான் பெட்டியைக் கூட்டும்போது கைப்பிடி அளவு முடி வந்தது. நான் அதை அத்தானிடம் காட்டினேன். அன்று மத்தியானம் அவர் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

"புள்ள வந்து கேட்டா என்னட்டீ சொல்லுவேன்?" என்றார் அக்காவிடம்.

"என்னத்தச் சொல்லுவீங்க. குடைக்குச் சொன்னதையே சொல்லுங்க."

அவருக்குத் தெரிந்த வைத்தியம் டோங்கி வைத்தியம். மரத்துக்குப் பூச்சி வந்தால் சுறா எண்ணெய். அதையே கொண்டுவந்து லட்டுவின் முதுகில் தடவினார். ஒரு மணி நேரத்துக்குள் மின்னி பேயில் உள்ள பூனைகளெல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டன. நான் ஒன்பது வரை எண்ணினேன். அத்தான் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். லட்டு உள்ளே மூச்சுக்காட்டவில்லை. கடைசியில் அக்கா சீயக்காய் கரைத்து அதைக் குளிப்பாட்டிய பிறகுதான் பூனைகள் கலைந்தன. ஒரு சாம்பல் பூனை மட்டும் நம்பிக்கை விடாமல் மறுநாளும் வந்தது.

அதன் பிறகு அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரியில் ஸ்டாக்மேன் என்ற உதவியாளராக இருந்த சிவஞானத்திடம் போனார். பிராணியைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன். சிவஞானம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"உண்ணி மாதிரி ஒரு பூச்சி. ஆனா கண்ணுக்குத் தெரியாது. தோலுக்குள்ள வளை தோண்டிப் போயி, அங்கேயே முட்டை போடும்."

"எங்க டோங்கிப் பலகையில புழு போற மாதிரியா?"

"அதே கதைதான் மிஸ்திரி. எதுல படுக்கப் போட்டீங்க?"

"நல்ல வைக்கல். பெரார்கஞ்சு வைக்கல்."

"களத்து வைக்கலா? எலி குடும்பம் நடத்தின எடம். அங்கேயிருந்துதான் வந்திருக்கும். மொதல்ல அதைக் கொளுத்துங்க." கந்தகப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஒரு டப்பாவில் கொடுத்தார். "நான் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் குடுத்திருக்கேன். இதுக்கு மெல்லிசாப் பூசுங்க, நக்க விடாதீங்க. பாப்போம்."

வீட்டுக்கு வந்ததும் அத்தான் அக்காவிடம், "நான் கொண்டாந்த வைக்கல்தான் செல்வம்" என்றார். அக்கா அதற்குக் கிண்டல் எதுவும் செய்யவில்லை. வைக்கோலை அவளே வாரிக் கொண்டுபோய்க் கொளுத்தினாள்.

மருந்து பூசியதும் சொறிதல் நின்றது. ஒரு வாரம் நிம்மதி. எட்டாம் நாள் காலையில் பின்னங்கால் மறுபடி மேலே போனது. என் முழங்கைக்கு உள்பக்கமும் அரித்தது. நான் சொல்லவில்லை, சொறிவதைப் பார்த்து அக்காவே கண்டுபிடித்தாள்.

"இனி இது வீட்டுக்குள்ள படுக்காது. கூரைக்கு வெளிய வையுங்க" என்றாள்.

மறுநாள் அமாவாசை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும். அந்த ஏற்றத்தில்தான் டோங்கிகளைக் கரையில் உயரமாக இழுத்துப் போட முடியும். தண்ணீர் வடிந்ததும் கவிழ்த்து, அடியைத் தென்னோலை கொளுத்திச் சுட்டு, எண்ணெய் பூசி, அடுத்த ஏற்றத்தில் இறக்குவார்கள். அத்தானுக்கு அன்று மூன்று டோங்கி இருந்தது. மூன்றாவதைச் சுட்டுக்கொண்டிருந்தவர் ஓலையைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார். பிறகு நேராக வீட்டுக்கு வந்தார்.

"ஒரு தடவ சுட்டா டோங்கிப் புழு போயிடுதா? இல்லல்லா? மிச்சம் உள்ளது மறுபடி கிளம்புது. அதுக்குத்தான் ஒவ்வொரு ஏத்தத்துக்கும் கரையேத்துதோம். லட்டுவையும் அப்படித்தான் பாக்கணும்."

"அப்ப லட்டுவையும் கவுத்துப் போட்டுச் சுடப்போறீங்களா?" என்றாள் அக்கா.

"பெட்டியத்தான் சுடணும்."

அப்படியே செய்தார். நான் லட்டுவை ஒரு துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அக்கா கந்தக எண்ணெயைப் பூசினாள். அத்தான் பெட்டியைக் கவிழ்த்து, கொளுத்திய ஓலையை உள்ளும் புறமும் காட்டினார். பலகை இடுக்கில் பூச்சி ஒளியக் கூடாது என்று பஞ்சையும் குங்கிலியத்தையும் திணித்து, டோங்கிக்கு அடிப்பது போலக் கலப்பத்து அடித்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்றார். உள்ளே இருப்பதும் வெளியே போகாது என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. லட்டு தன் குளத்தில் ஒரு மூலையில் நின்றுகொண்டு எங்களைத் திட்டியது. அத்தான் துளைப்பானை எடுத்து வந்து அடியில் நான்கு துளை போட்டார்.

பதினைந்து நாள் கழித்துப் பௌர்ணமி. மறுபடியும் துண்டு, எண்ணெய், ஓலை. அதற்குப் பிறகு சொறிதல் குறைந்தது. பொருக்கு உதிர்ந்து தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. ஆனால் முடி முளைக்கவில்லை. முன்பாதி லட்டுவும் பின்பாதி வேறு ஏதோ பிராணியுமாக அது உட்கார்ந்திருக்கும். அத்தான் தினமும் காலையில் அதை வெளிச்சத்தில் பிடித்து, கட்டை விரலால் எதிர்ப்பக்கமாகத் தடவிப் பார்ப்பார். இழைத்த பலகையைத் தடவுகிற மாதிரிதான் தடவுவார்.

கப்பல் ஜூன் முதல் தேதி வரவேண்டும். அடுத்த அமாவாசை அதற்கு ஒரு வாரம் கழித்து.

"இன்னும் ஒரு ஏத்தம் கெடச்சா போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மே கடைசியில் கடல் கொந்தளித்தது. முதல் தேதி கப்பல் வரவில்லை. மூன்றாம் தேதியும் வரவில்லை. கடையில் உருளைக்கிழங்கு தீர்ந்தது, பிறகு வெங்காயம். கடிதம் இல்லை. போர்ட் பிளேர் முழுக்க ஒரே பேச்சு, ஜகாஜ் எப்போது வரும் என்பதுதான். எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் சீழ்க்கையடித்துக்கொண்டு இழைப்புளி தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் கப்பலுக்காக மெழுகுதிரி ஏற்றினார்கள். அத்தானும் ஏற்றினார். ஒன்றல்ல, இரண்டு. அக்காவுக்குச் சந்தேகம்.

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு, கப்பல் பத்திரமா வரணும்னு."

"இன்னொண்ணு?"

அவர் செருப்பைத் தேடினார்.

"இன்னொண்ணு?"

"கொஞ்சம் மெதுவா வரணும்னு."

அக்கா சிரித்த சிரிப்பில் பாதிக் கோயில் திரும்பிப் பார்த்தது. அவளால் எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாது. சாயங்காலத்துக்குள் விஷயம் கடைக்குப் போய்விட்டது. நான் உப்பு வாங்கப் போனபோது அத்தானும் அங்கே மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாரும் வேய்" என்றார் ராஜமாணிக்கம். "மூணு நாளா கடையில வெங்காயம் இல்ல. காரணம் இப்பத்தான் தெரிஞ்சுது. ஒரு எலிக்காக ஊரையே பட்டினி போட்டுட்டீரே!"

"எலி இல்ல. கினிப்பிக்."

"பியாஜ் நஹி, ஆலூ நஹி" என்று வெங்காயமும் உருளைக்கிழங்கும் கேட்டு வந்த ஒரு வங்காளி அம்மாளிடம் கையை விரித்துவிட்டு, இவரைக் கேள் என்று ராஜமாணிக்கம் அத்தானைச் சுட்டிக்காட்டினார். "இன்ஸே பூச்சோ!" அந்த அம்மாள் அத்தானை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள்.

"கப்பல் வந்ததும் மூட்டை எறக்க மொத ஆளா நீரு நிக்கணும். ஆமா."

"நிக்கேன் வேய்" என்றார் அத்தான். அவர் முகத்தில் வருத்தம் கொஞ்சமும் இல்லை.

அமாவாசை வந்தது. மூன்றாவது முறையும் பூசினோம். அதற்கு மறுநாள் காலையில் லட்டுவை வெளிச்சத்தில் பிடித்தவர் என்னைக் கூப்பிட்டார். "நீயும் தொட்டுப் பாரு. எனக்கு ஆசையில தோணுதோ என்னமோ." நான் தடவினேன். வெல்வெட்டுத் துணி மாதிரி மெல்லிசாக இருந்தது. முடிதான்.

சிவஞானத்திடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் கண்ணாடியை வைத்துவிட்டுச் சிரித்தார். "முட்டை பொரிச்சு வர்ற நாளுக்குச் சரியா மறுபடி பூசியிருக்கீங்க. யாரு சொன்னா?"

"கடலு" என்றார் அத்தான்.

இரண்டு நாள் கழித்துக் கப்பல் வந்தது. அத்தான் வெள்ளை வேட்டி கட்டி, பெட்டியை எடுத்துக்கொண்டு சாத்தம் ஜெட்டிக்குக் கிளம்பினார். அக்காவும் நானும் கூடப் போனோம். அவர் கை பெட்டி மேலேயே இருந்தது. முதுகில் முடி அரிசி நீளம்கூட இல்லை. "அப்படியே" என்று கேட்ட பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

கிருஷ்ணமூர்த்தி சார் இறங்கினார். அவர் மனைவி அலமு இறங்கினாள். பின்னால் குல்லாய் போட்டுக்கொண்டு சுசீலா ஓடி வந்தது. "மிஸ்திரி மாமா! லட்டு எங்க?"

அத்தான் மூடியைத் திறக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பாப்பா, மொதல்ல ஒண்ணு கேட்டுக்கோ. நான் நல்லா தாரேன்னு சொன்னேன். வைக்கல் போட்டுக் கெடுத்துட்டேன். என் தப்பு. பூச்சி வந்து முடியெல்லாம் கொட்டிப்போச்சு. இப்ப பூச்சி இல்ல. முடி மட்டும் பாக்கி." சொல்லிவிட்டு மூடியைத் திறந்தார்.

சுசீலா உள்ளே பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு தன் குல்லாயைக் கழற்றியது. பழனியில் முடி இறக்கியிருக்கிறார்கள். போன வருஷக் காய்ச்சலுக்கு நேர்ந்துகொண்டதாம். மொட்டைத் தலையில் அரிசி நீளம்கூட இல்லாத முடி.

"லட்டுவும் மொட்டையாம்மா!" என்று கத்தியது. "யாருக்கு முதல்ல வளருதுன்னு பாக்கலாம் மாமா!"

அலமு வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள். லட்டு அந்தக் குரலைக் கேட்டு விசில் அடித்தது. அத்தான் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அதற்குள் பின்னாலிருந்து ராஜமாணிக்கத்தின் குரல், "வேய் ஓடாவி! மூட்டை இங்க நிக்கி!" அத்தான் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். அன்று ஏழு மூட்டை வெங்காயம் சுமந்தார்.

பந்தயத்தில் லட்டுதான் ஜெயித்தது.

அடுத்த லீவுக்கும் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. இந்த முறை அலமு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளானாலும் எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் படிக்கிறவள் நான்தான். உரக்கப் படித்தேன். "புல் போதும். வைக்கோல் வேண்டாம். மெத்தை வேண்டாம். இருப்பது இருக்கிறபடி இருக்கட்டும், மிஸ்திரி."

அத்தான் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். "சரிதான். இருக்கிறபடியே இருக்கட்டும்."

சாயங்காலம் நான் புல் பறித்துக்கொண்டு வந்தபோது, அவர் பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மூடியின் தளர்ந்த தாழ்ப்பாளை ஒரு விரலால் மெதுவாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.