கம்ப்யூட்டர்ல மாட்டுனா தெரிஞ்சிரும்

போன் ரிப்பேர்க் கடைக்காரனுக்கு வாயில் எப்போதும் ஒரே மந்திரம்தான்: "கம்ப்யூட்டர்ல மாட்டுனா தெரிஞ்சிரும்." கேட்டு நொந்தவர்களே, கம்பம் ஊரில் அதைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான்தான்.

வாய் திறக்காத கம்ப்யூட்டர்

கூடலூர் ஜீப் டிரைவர் ஒருவரின் போன், கம்பெனிப் பெயரைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றது. ஒயரை மாட்டினேன். கம்ப்யூட்டர் மூச்சே விடவில்லை. "போர்டு போச்சுண்ணே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவர் பையிலிருந்து தன் ஒயரை எடுத்து மாட்டினார். டொய்ங்! என்னுடையது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ஒயராம். மானம் போச்சு.

"ஜீப்பு கெளம்பலைன்னா நாங்க மொதல்ல பேட்டரி ஒயரத்தேன் தம்பி பாப்போம், எடுத்த எடுப்புல எஞ்சின எறக்க மாட்டோம்."

கறுப்புத் திரை

அதற்குப் பிறகாவது திருந்தினேனா? உத்தமபாளையத்து மும்தாஜ் அக்கா தன் அத்தாவோடு, அதாவது அப்பாவோடு, வந்தார். பெரியவர் கழுத்தில் கட்டு, தொண்டை ஆபரேஷன். அக்காவின் போனை எப்போது போட்டாலும் கறுப்புத் திரையில் பொடி எழுத்துதான் வந்தது. இந்தத் தடவை நல்ல ஒயர். கம்ப்யூட்டரிலிருந்து போனை மறுபடி கிளப்பிப் பார்த்தேன். திரும்பவும் அதே திரை. "சாப்ட்வேர் போச்சுக்கா. புதுசா ஏத்தணும், உள்ள இருக்கிறது பூராம் அழிஞ்சிரும்" என்றேன்.

அக்கா முகம் செத்துவிட்டது. அத்தாவுக்கு இனிப் பேச்சு வராதாம். அவர் பேசி அனுப்பியதெல்லாம் இந்த ஒரு போனில்தான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவதும் இதில்தானே?

"அழிச்சிருங்க தம்பி, ஆளு பொழச்சு வந்துட்டாக, அது போதும்."

பெரியவர் கை

என்டர் தட்ட விரலைக் கொண்டுபோய்விட்டேன். பெரியவர் எட்டி என் கையைப் பிடித்தார். ஒயரை உருவினார். போனில் இறுகிக் கிடந்த பவுச்சை நகத்தால் நெம்பிக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை அழுத்தினார். போன் பொசுக்கென்று கிளம்பி உள்ளே போய்விட்டது! சவுண்டு குறைக்கும் பட்டனை அந்தப் பவுச் அமுக்கியபடியே இருந்திருக்கிறது. அதை அமுக்கிக்கொண்டே போனைப் போட்டால் அந்தக் கறுப்புத் திரைதான் வரும். வேறு மாடல் பவுச்சை "இதுவும் சேரும்க்கா" என்று முந்தாநாள் அக்கா தலையில் கட்டியவனும் நானேதான். கூசிப்போய்விட்டேன்.

எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க அக்கா ஒன்றைத் தட்டினார். கடை முழுக்க அத்தாவின் பழைய குரல் கணீரென்று கேட்டது. அதைக் கேட்டுப் பெரியவர் சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். போனில் அவர் பேசியிருந்தது இதுதான்:

"ஏம்மா மும்தாசு, கடைக்காரன் சொல்றான்னு அப்பிடியே நம்பிறாத, நாலு கடை ஏறி எறங்கி வா."

இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் பவுச்சைத்தான் கழற்றுகிறேன், ஆனால் உத்தமபாளையம் பஸ் கடையைத் தாண்டும்போது மட்டும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொள்கிறேன்.