எடை போட்ட பிறகு ஏறிய பெட்டி

அப்பா மின்துறையில் வேலை பார்த்தவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, பிரான்ஸ் பட்டாளத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். முதலில் செய்து முடிப்பார், அளப்பதெல்லாம் பிறகுதான். இந்த இரண்டு பேரும் ஒரு கேரவனால் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது.

கேரவன் என்றதும் சினிமா நடிகர்கள் ஏறி உட்காரும் பஸ்ஸை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகும் இரண்டு சக்கர வீடு. பிரான்ஸில் குடும்பம் குடும்பமாக இப்படித்தான் விடுமுறைக்குக் கிளம்புவார்களாம். கோவில்பத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில், வெல்டிங் பட்டறை ஆட்களை வைத்துப் பெரியப்பா ஒன்றைக் கட்டியே விட்டார். கட்டில், அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி, தண்ணீர் டேங்க் என்று உள்ளே ஒரு குறையும் இல்லை. இழுப்பதற்கு ஒரு கார்தான் அவரிடம் இல்லை. எங்களிடம் ஒரு சின்னக் கார் இருந்தது.

ஊர் சுற்றுவதற்காக அவர் அதைக் கட்டவில்லை. பெரியம்மாவுக்கு முதுகெலும்பில் புற்றுநோய், உட்கார முடியாது. பிறந்த ஊரான அம்பகரத்தூருக்குப் போய் அம்மனை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னதற்குப் படுக்கையிலிருந்தே தலையை ஆட்டி மறுத்தார்.

"ஆம்புலன்ஸ்ல போயி எறங்குனா எங்க ஊரு சனம் ஒப்பாரி வைக்கத்தான் ஓடிவரும். நான் உசுரோட போவணும் தம்பி."

அப்பா காரையும் கேரவனையும் வரிச்சிக்குடியில் நெல் லாரிகளை நிறுத்தும் எடை மேடைக்குக் கொண்டுபோய்த் தனித்தனியாக எடை போட்டார். கார் எழுநூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கேரவன் தொள்ளாயிரம். முடியாது என்று சொல்லிவிட்டார். இன்ஜின் இழுக்கும்போது உனக்கென்ன என்று பெரியப்பா கேட்டார். "இழுத்துடும் அண்ணே. நிறுத்தத்தான் முடியாது" என்றார் அப்பா. காரைக் கொடுக்க மனசில்லாமல் கணக்குச் சொல்கிறான் என்று பெரியப்பா தெரு கேட்கப் பேசினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் அப்பாவை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஸ்பேனரோடு போய்க் கேரவனுக்குள் ஏறினார். தொட்டியைக் கழற்றினார், அலமாரியைக் கழற்றினார், டேங்க்கை இறக்கினார். பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆசை ஆசையாகப் பொருத்தியதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கட்டில் மட்டும் மிஞ்சியது. திரும்ப எடை போட்டதில் கார் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அப்பா அரை மனதாகச் சரி என்றார். கேரவனுக்குள் ஆள் இருக்கும்போது இழுப்பது பிரான்ஸில் குற்றம் என்று பெரியப்பாவே ஒத்துக்கொண்டார். அதனால் சைக்கிள் வேகத்தில்தான் போவது, பெரியம்மாவுக்குத் துணையாக உள்ளே ஒரே ஒரு ஆள் என்று முடிவானது. வீட்டில் எல்லோரையும்விட எடை குறைந்தவள் நான்.

கிளம்பும் நாள் காலையில் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். கேரவனில் கட்டிலுக்கு அடியில், பின்பக்கமாக, எடை போட்ட பிறகு ஏற்றிவைத்த ஒரு காலி டிரங்குப் பெட்டி இருந்தது. அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எடுத்துப்போய் அதில் அடுக்கினேன். பட்டுப்புடவைகள், குத்துவிளக்கு ஜோடி, வெண்கலப் பானை, பித்தளைக் குடங்கள், தாம்பாளங்கள். எல்லாம் அவர் கல்யாணச் சீராகக் கொண்டுவந்தவை, அவர் அப்பாவின் பெயர் வெட்டியவை. "அப்பாகிட்ட சொல்லாத பாப்பா" என்றார். கோயிலில் பொங்கல் வைக்கத்தான் இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டேன்.

திருநள்ளாறு தாண்டியதும் கேரவனின் வால் ஆடத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு நான் கட்டில் காலைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு. ஜன்னலில் ஒரு தடவை வாய்க்கால் தெரிந்தது, மறு தடவை எதிரே வரும் பஸ் தெரிந்தது. பெரியம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா பிரேக்கை மிதிக்கவில்லை. வேகத்தை மெல்ல மெல்ல விட்டு, வயல் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்.

கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தார். மூடியைத் தூக்கி மேலே இருந்த குடத்தைக் கையில் எடுத்து, அதில் வெட்டியிருந்த பெயரைப் படித்தார். அடி விழப்போகிறது என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பெரியம்மாவைத்தான் பார்த்தார்.

"அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரிஞ்சா கெளம்ப விடுவாங்களா?"

தண்ணீர் டேங்க்கைக்கூட விடாமல் இறக்கிய அப்பா அந்தப் பெட்டியை இறக்கவில்லை. சக்கரத்துக்கு நேர் மேலே வரும்படி முன்னுக்குத் தள்ளிவைத்துக் கயிற்றால் கட்டினார். என்ன ஆச்சு என்று வெளியே நின்ற பெரியப்பா கேட்டதற்குக் கட்டில் நகர்ந்துவிட்டது என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று நினைத்து உள்ளுக்குள் நன்றி சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு ஆள் நடக்கும் வேகத்தில்தான் போனோம்.

அம்மன் சந்நிதியில் பெரியம்மாவைக் கட்டிலோடு தூக்கிவைத்தார்கள். பிறகு அவருடைய தம்பி வீட்டில் கட்டிலோடும் பெட்டியோடும் இறக்கினார்கள். சாயங்காலம் பெரியப்பா கிளம்பலாம் என்றபோது, "நான் இங்கேயே இருந்துக்குறேன்" என்றார் பெரியம்மா. பெரியப்பா வெகுநேரம் அந்தக் கட்டில் பக்கத்திலேயே நின்றார். மறுநாள் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

திரும்பும்போது என்னைக் காரில் பின்சீட்டில் உட்காரவைத்தார்கள். கேரவன் சொன்னபடி கேட்டுக்கொண்டு நேராக வந்தது. அப்பாவின் கணக்கு எனக்கு முழுதாகப் புரிந்துவிட்ட பெருமையில், முன்சீட்டில் இருந்த இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இப்ப எவ்வளவு நல்லா வருது பாருங்க பெரியப்பா. உள்ள ஒண்ணுமே இல்லல்ல, அதான்."

பெரியப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொன்னது சரிதானே என்று அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டேன்.