ஐஸ்கிரீம் கடை மேல் உதித்த சந்திரன்

இன்று சங்கடஹர சதுர்த்தி. எங்கள் மயிலாப்பூர் அபார்ட்மெண்டில் விரதம் இருப்பவர்களுக்கெல்லாம் நிலா பார்த்துச் சொல்வது மூன்றாவது மாடி வசந்தா மாமிதான். மொட்டை மாடியில் பார்த்துவிட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். அதற்கப்புறம்தான் சாப்பாடு.

இன்று சீக்கிரமே மெசேஜ் வந்தது.

"சந்திரன் வந்தாச்சு. தென்னை மரத்துக்குப் பின்னாடி, முழு வட்டமா."

நாலு நாள் தேய்ந்த நிலா எப்படி முழு வட்டமாக இருக்கும்? பசியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் நாலாவது இட்லியில் இருந்தபோது அடுத்த மெசேஜ்.

"யாரும் சாப்பிடாதீங்கோ. அது பின் தெரு ஐஸ்கிரீம் கடையோட புது போர்டு."

எல்லோரும் மாடிக்கு ஓடினோம். வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. சிரித்துச் சிரித்து மாமிக்குக் கண்ணில் தண்ணீர்.

ஒரு மணி நேரம் கழித்து நிஜ நிலா வந்தது.

"இதென்னடி, இவ்வளவு டல்லா இருக்கு?" என்றார் மாமி.

எல்லோருமாகக் கடைக்குப் போய்ச் சொன்னோம். கடைக்காரர் கோபப்படவில்லை.

"சதுர்த்தியன்னிக்கு அணைச்சு வெச்சிடறேன் மாமி. நிலா வந்ததும் எனக்கும் ஒரு மெசேஜ் போட்டுடுங்க, போர்டைப் போட்டுக்கறேன்."

அவரையும் குரூப்பில் சேர்த்தாச்சு.

முதல் நிலாவுக்கு இட்லி, இரண்டாவது நிலாவுக்கு ஐஸ்கிரீம். என் விரதம் கணக்கில் சேருமா, சொல்லுங்கள்.