இளைத்தால் குறையும் பாயிண்டுகள்

முழங்கால் வலிக்கிறது என்று போனதற்கு, குன்னூர் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். எப்படி என்று சொல்லவில்லை. அதைச் சொன்னவள் என் நாத்தனார், கணவரின் தங்கை. கோயம்புத்தூரில் அவளும் அப்போதுதான் இளைக்கக் கிளம்பியிருந்தாள். லீவுக்கு எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தவள், என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். சாப்பிடும் ஒவ்வொன்றுக்கும் அதில் பாயிண்ட் உண்டாம். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று அதுவே சொல்லுமாம். முதலில் என் எடையைக் கேட்டது.

வீட்டில் எடை மெஷின் கிடையாது. என் கணவர் எஸ்டேட்டில் பச்சைத்தேயிலை எடை போடுகிறவர். சாயங்காலம் கடைசி மூட்டை இறங்கியதும் அந்தத் தராசிலேயே ஏறி நின்றேன்.

"ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கட்டுமா?" என்றார். தினமும் இலைக்குக் கழித்துப் பழகிய வாய்.

"ஸ்வெட்டருக்கு மட்டும் கழிங்க," என்றேன். அதற்கு எவ்வளவு கழிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. உத்தேசமாக ஒரு எடையைப் போனில் போட்டேன். நாளைக்கு இருபத்துமூன்று பாயிண்ட் கிடைத்தது.

முதல் வாரமே குழம்பிப்போனேன். சோலூர்த் தோட்டத்திலிருந்து ஒரே பையில் வந்த கேரட்டுக்குப் பூஜ்ஜியம், உருளைக்கிழங்குக்குப் பாயிண்ட். பேரிக்காயைக் கடித்துத் தின்றால் பூஜ்ஜியம். அதையே மிக்ஸியில் அடித்துக் குடித்தால் பாயிண்ட். டீயில் தொட்டுத் தின்கிற எங்கள் ஊட்டி வர்க்கியைத் தேடினால் அப்படி ஒரு பண்டமே இல்லை என்றது. பிஸ்கட்டில் சேர்ப்பதா, பஃப்ஸில் சேர்ப்பதா என்று யோசிப்பதற்குள் டீ ஆறிவிடும். நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"பூஜ்ஜியம்னா எத்தனை வேணா திங்கலாமா?"

"திங்கலாமுங்க அண்ணி. அதுக்குன்னு கூடை கூடையாத் திங்கக்கூடாது."

"அப்ப எத்தனை?"

"வயிறு சொல்லுமுங்க."

வயிறு சொன்னதைக் கேட்டுத்தானே இப்படி ஆனேன்!

இருந்தாலும் விடவில்லை. கொஞ்ச நாளில் ஜாக்கெட் தொளதொளத்தது, கால்வலியும் விட்டது. சந்தோஷமாகப் புது எடையைப் போட்டேன். போன் என் பாயிண்டில் இரண்டைக் குறைத்தது. ஏதோ தப்பாக அமுக்கிவிட்டேன் என்று திரும்பவும் போட்டுப் பார்த்தேன். அதே கதைதான்.

அடுத்த லீவுக்கு நாத்தனார் வந்தாள். மழைக்குச் சூடாக மிளகாய் பஜ்ஜி போட்டேன். எனக்கு அன்றைய கணக்கு தீர்ந்திருந்தது. அவள் மூன்றாவதை எடுத்தாள்.

"எனக்கு இன்னும் பாயிண்ட் கெடக்குதுங்க அண்ணி."

"நீ என்னைவிடக் கனம். உனக்கு மட்டும் எப்படி அதிகமாக் குடுப்பாங்க?"

"கனமா இருக்கறதாலதான். நீங்க எளைச்சுட்டீங்க, அதான் கொறச்சுட்டாங்க."

"எளைச்சதுக்கா?"

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுவதற்கும் அதில் ஒன்றுமில்லை. பாதி பஜ்ஜியைப் பிட்டு என் வாயருகே நீட்டினாள். பாதிக்கு எவ்வளவு என்று யோசித்துக்கொண்டே தின்றேன்.

அவள் ஊருக்குப் போன மறுநாள், கணவர் அடுப்படியிலிருந்து கேட்டார்: "பசிக்குதா? தோசை ஊத்தட்டுமா?"

நான் போனை எடுத்துப் பார்த்தேன்.

"அதுல என்ன பாக்கற? பசிக்குதான்னுதானே கேட்டேன்."

வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். நிஜமாகவே தெரியவில்லை. பதிலுக்குக் காத்திராமல் அவர் மாவைக் கல்லில் ஊற்றினார். இரண்டு தோசை தின்றேன். மூன்றாவதுக்கும் தட்டை நீட்டினேன்.