பதினொரு நாள் தேடிய ஒயில்

குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, என் மனைவி வீட்டுக்குள் மாபிள் தரையில் நடக்கப் பயந்தாள். முன்னாலிருக்கும் புல்லில் மட்டும் நடப்பாள். அங்கே விழுந்தாலும் நோகாதாம். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முதல் நாள் ஒன்பது காலடி வைத்தாள். மூன்றாம் வார முடிவில் நாற்பத்தொன்று. நான் பின்னால் நின்று எண்ணுவேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் புல் மிஞ்சியிருப்பது எங்கள் வீட்டில்தான், மற்றதெல்லாம் பிளட்ஸ், மாடிமேல் மாடி. புல் வெட்ட வந்தவர் கல்லைத் தெறிக்கவைத்து இரண்டு ஜன்னல் கண்ணாடிகளை உடைத்ததால் அவரை மறித்துவிட்டேன். கனடாவிலிருந்து மகன் புல் வெட்டும் மெஷின் ஒன்றைப் பெட்டியில் போட்டு அனுப்பினான். கப்பலில் எண்ணெயோடு ஏற்றமாட்டார்களாம். எஞ்சினை வடித்துத்தான் அனுப்பியிருந்தான். கூடவந்த புத்தகத்தை மூன்று தரம் வாசித்தேன். வெப்பமான இடத்துக்கு முப்பதாம் நம்பர் எஞ்சின் ஒயில், அறுநூறு மில்லிலீட்டர்.

காலி வீதியில் ஏழு கடை ஏறினேன். காருக்கான இருபது ஐம்பது நம்பர் ஒயில் இருந்தது. ஆட்டோவுக்குப் பெற்றோலில் கலக்கும் டூ டீ இருந்தது. ஒரு கடை முதலாளி மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் பத்து முப்பதை எடுத்து வைத்தார்.

"இது குளிர் நாட்டு வரிசையில இருக்கு" என்று புத்தகத்தைக் காட்டினேன்.

"அங்கிள், பிளேனுக்கா ஊத்தப் போறீங்க? புல்லுத்தானே!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பிவிட்டேன். ஆறாம் நாள் தெஹிவளையில் அசல் முப்பதே கிடைத்தது. ஆனால் மூடியின் சீல் ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. பழைய ஒயிலை வடிகட்டிப் புதுப் போத்தலில் அடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதையும் வேண்டாமென்றேன்.

இதற்குள் மழை. புல் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. நடைச்சட்டத்தின் கால் சிக்குகிறது, பாம்பு கிடந்தாலும் தெரியாது என்று அவள் இறங்கவில்லை.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கும் ஒயிலோ?" என்றாள் ஒரு காலை. "உங்கட மெஷின் பழுதாகாது. பெட்டியிலயே இருக்குதெல்லோ."

பதினோராம் நாள் பஞ்சிகாவத்தையில் சீல் குலையாத போத்தல் ஒன்று கிடைத்தது. மருந்துக் கோப்பையால் அளந்து ஊற்றினேன். கயிற்றின் மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. முப்பத்தைந்து நிமிடத்தில் தரை ஒட்ட வெட்டி முடித்தேன். அவளைக் கூப்பிட்டேன். படியில் இறங்கி நான்கு காலடி வைத்தாள். ஐந்தாவதுக்குக் கால் எழவில்லை. "காணும், கதிரையைக் கொண்டுவாங்கோ" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

அன்று பின்னேரம் மகனிடம் சொன்னேன். "அப்பா, கடைக்காரர் தந்த அந்தப் பத்து முப்பதே காணுமாயிருந்தது. இடைக்கிட அளவுக் கம்பியை இழுத்து ஒயில் மட்டம் பார்த்தால் சரி" என்றான்.

அடுத்த கிழமை அவளுக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோப் பிள்ளை வந்து அவளுடைய தொடையை அழுத்திப் பார்த்தது.

"எத்தனை நாள் நடக்காம இருந்தவ, ஐயா?"

மழை தொடங்கிய நாளிலிருந்து எண்ணிச் சரியாகச் சொன்னேன்.

பிள்ளை பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து, சக்கர நாற்காலி நுழையுமா என்று படுக்கையறைக் கதவை அளந்தது. மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். இருபத்தெட்டு அங்குலம்.