மல்லாட்டை உரிக்கையில் வந்த மல்லிகை வாசனை

நான் கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்த புதிதில், அறுபதுகளில் நடந்தது இது. எதிர்வீட்டு சரோஜாக்கா புருஷனை இழந்தவர். பூ வைக்கக் கூடாது. ஆனால் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிக்க எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தாலே மல்லிகை செண்டு வாசனை மூக்கைத் துளைக்கும்.

எவனோ வாங்கித் தருகிறான் என்று நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். எவனென்று பார்க்க ஒருநாள் அவர் வீட்டுக் கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். உள்ளே எவனும் இல்லை. சீசாவிலிருந்து ஒரு சொட்டு செண்டு எடுத்து, பூச்சரம் தொங்குகிற இடத்தில், பின்கழுத்தில் தடவிக்கொண்டு கண்மூடி நின்றார்.

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடி பாக்கற? பூ வெச்சா கண்ணுக்குத் தெரியும், இது தெரியாதில்ல? உங்க அத்தகிட்ட சொல்லிடாதடி. அப்புறம் வேலைக்குக் கூப்புட மாட்டாங்க."

என் தலையில் இருந்த இரண்டு முழம் பூ கனத்தது. "எனக்கும் ரெண்டு சொட்டு குடுக்கா" என்று கழுத்தை நீட்டினேன்.

அன்று மல்லாட்டை உரிக்கும்போது மாமியார் மூக்கை உறிஞ்சினார்.

"எவடி செண்டு பூசிக்கினு வந்தவ?"

சரோஜாக்காவின் கை நின்றது.

"நான்தான் அத்தே. வேணும்னா மோந்து பாருங்க."

மோந்தார். "ஆட்டக்காரி!" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகமெல்லாம் என் மேல்தான். திட்டோடு போயிற்று. புருஷன் உள்ளவளுக்கு எந்த வாசனையும் மன்னிக்கப்படும் என்பது, அந்த இரண்டு சொட்டுப் பூசும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.