பெண்கள் வார்டுக் காவல்

எழுபதுகளின் கடைசியில் நான் உத்திரமேரூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். எங்கள் தலைமையாசிரியைக்கு ஆங்கிலத்தின் மேல் அப்படி ஒரு மோகம். மதிப்பெண் அட்டையில் 'உங்கள் மகள்' என்று தமிழில் போட்டால் என்ன குடி முழுகிவிடும்? 'யுவர் வார்டு' என்றுதான் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அச்சடிக்க வைத்தார். அட்டை வீடுகளுக்குப் போன மறுநாளே ஒரு விவசாயி, காலில் காய்ந்த சேற்றோடு, அதைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். யாரோ அரைகுறையாகப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னா டீச்சர், எம் பொண்ணு நல்லாத்தானே பள்ளிக்கூடம் வந்துக்கினு கீது? வார்டுன்னு எய்திக் குடுத்துக்கிறீங்க. எந்த ஆஸ்பத்திரி?"

ஆஸ்பத்திரி இல்லை, உங்கள் பாதுகாப்பில் இருக்கிற பிள்ளை என்று அதற்கு அர்த்தம் என்று விளக்கினேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எம் பொண்ணு என் பாதுகாப்புல இல்லாம வேற எவன் பாதுகாப்புல இருக்கும்? இத்த வேற இங்கிலீஷ்ல எய்திக் காட்டணுமா?"

நியாயமான கேள்வி. அன்று சாயங்காலம் அகராதியை எடுத்தேன். பள்ளி நூலக அலமாரியில் கரையான் முதுகை அரித்த பெரிய அகராதி ஒன்று இருந்தது. அதை என் வாடகை அறைக்கே தூக்கி வந்திருந்தேன். தேட யாரும் இல்லை. எனக்கும் பள்ளி விட்டபின் பேச யாரும் இல்லை. தெற்கே பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவள், திருமணம் ஆகாதவள், வாய் கொஞ்சம் கூர்மை. ஊர் என்னை மரியாதையோடு தள்ளி வைத்திருந்தது. சாயங்காலங்களில் ஏரிக்கரைக் காற்றுக்கு ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு அகராதி படிப்பேன். தனிமைக்கு இதைவிட மோசமான மருந்தெல்லாம் உண்டு.

வார்டு என்பது பழைய ஆங்கிலத்தில் காவல். கண்விழித்துப் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். காவல் காப்பவனுக்கும் அதே பெயர். பிறகு கோட்டையில் மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே இருக்கும் முற்றத்துக்கு அந்தப் பெயர் வந்தது. அதன்பின் நகரத்தில் ஒரு காவலின் கீழ் வரும் பகுதிக்கு. சிறையின் ஒரு பிரிவுக்கு, ஆஸ்பத்திரியின் ஒரு கூடத்துக்கு. அப்பா இல்லாத பிள்ளையை வளர்க்க ஒருவர் பொறுப்பேற்றால் அந்தப் பிள்ளைக்கும் அதுதான் பெயர். ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடி காட்டுகிறாரே கார்டு, அவரும் இந்தச் சொல்லின் பங்காளிதான். பிரான்சுப் பக்கம் போய் வேறு சட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தவர். லார்டு என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறோமே, அதையும் பிரித்தால் ரொட்டிக்குக் காவல் இருப்பவன் என்றுதான் வருகிறது. வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் இல்லாததால் அது சீக்கிரம் அடங்கிவிட்டது. அந்தப் பத்தியின் கடைசியில், வார்டு ஆஃப் என்றால் அண்டவிடாமல் தள்ளி நிறுத்துவது என்று போட்டிருந்தது. காவல் என்றால் அதுவும் சேர்ந்ததுதானே என்று அன்றைக்குத் தாண்டிப் போய்விட்டேன்.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் இருக்கும் சோழர் காலத்துக் கல்வெட்டைப் பார்க்க அவ்வப்போது யாராவது வருவார்கள். அன்றைய ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவரைக் குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்த கதை அதில் இருக்கிறது. அந்தப் பகுதிக்குக் கல்வெட்டுக்காரர்கள் வைத்த பெயர் குடும்பு. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அதை வார்டு என்று பெயர்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அந்தச் சுவர் முன்னால் நிற்பேன். அவர்களுடைய சொல் காவலிலிருந்து வந்திருக்கிறது, நம்முடையது வீட்டிலிருந்து வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எனக்கென்று ஒரு வீடு அப்போது எந்தப் பக்கத்திலும் இல்லை.

இருந்த ஒரு வீட்டை அண்ணன் மூடிவிட்டிருந்தார். நான் சின்னவளாக இருந்தபோதே அம்மாவும், பள்ளியில் படிக்கும்போது அப்பாவும் போய்விட்டதால் என்னை வளர்த்ததும் படிக்கவைத்ததும் அவர்தான். சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். அகராதியின்படி நான் அவருடைய வார்டு. அவர் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் என் வேலையை விடச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். அண்ணனுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. முகத்தைப் பார்க்கமாட்டார், தரையைப் பார்த்துப் பேசுவார். அன்றும் தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அப்படின்னா இனி என் வாயால ஒன்னத் தங்கச்சின்னு சொல்லமாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். அப்பா இறந்த அன்று காப்பியை விட்டவர், யார் வற்புறுத்தியும் அதன்பிறகு தொட்டதில்லை. நானும் சளைத்தவளில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தேன். ஆனால் அவர் ஒருநாள் வருவார், வந்து தங்கச்சி என்று கூப்பிடுவார் என்று உள்ளுக்குள் காத்துக்கொண்டேதான் இருந்தேன்.

உத்திரமேரூரில் எனக்கு இரண்டாவது கோடையில் டைபாய்டு வந்தது. வீட்டுக்கார அம்மாளும் ஒரு சக ஆசிரியையும் குதிரைவண்டியில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தலைமையாசிரியை அண்ணனுக்குத் தந்தி அடித்தார். எனக்குத் தெரிந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். தெரிந்தபின் வாசலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

கதவுக்கு மேல் 'பெண்கள் வார்டு' என்று நீலத்தில் எழுதியிருந்தது. உள்ளே வந்த எல்லாரும் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி "கூட யாரு?" என்பதுதான். நோய் என்னவென்பது அதற்கப்புறம். நோயாளி கட்டிலில், கூட இருப்பவர் கட்டிலுக்குக் கீழே பாயில் என்பது அங்கே சட்டம் போல. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு காவல். சாயங்காலம் நாலு மணிக்குக் கதவு திறந்தால் ஒரு நோயாளியைப் பார்க்க அரைக் கிராமமே பஸ் பிடித்து வரும். தங்கள் ஆளைப் பார்த்து முடித்ததும் மற்றக் கட்டில்களையும் விடமாட்டார்கள். ஒவ்வொன்றாக நின்று "இன்னா ஒடம்புக்கு?" என்று விசாரித்து, உச்சுக்கொட்டி, பன்னோ சாத்துக்குடியோ வைத்துவிட்டுத்தான் போவார்கள். என் கட்டிலிலும் நின்றார்கள். முதல் சில நாட்கள் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இரக்கப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு அப்படி ஓர் எரிச்சல்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். அறுப்பில் அரிவாள் பட்ட கால் சீழ் பிடித்துச் சேர்த்திருந்தார்கள். அவளுக்குக் கூட இருந்தவள் அவளுடைய அக்கா. நாற்பது வயதிருக்கும், வாட்டசாட்டமானவள், சொந்தமாகப் பயிர் வைப்பவள். வார்டில் வாசலைப் பார்த்த ஒரே முக்காலி அவளுடையது. என்னிடமும் கேட்டாள்.

"டீச்சர், உங்குளுக்குக் கூட யாரு?"

"யாரும் இல்லை."

"யாருமேவா? அண்ணன் தம்பி?"

"இல்லை."

காய்ச்சலும் கோபமும் சேர்ந்து சொன்ன பதில். அன்று அக்கா வீட்டிலிருந்து வந்த கஞ்சியில் எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. மறுநாள் அவளுடைய பாய், தங்கை கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் வந்துவிட்டது. நர்சம்மா ஊசி போட மறந்தால் அக்கா போய் இழுத்துக்கொண்டு வருவாள். எங்கள் பள்ளிக் குமாஸ்தா ஒருநாள் என்னைப் பார்க்க வந்து, போகவேண்டிய நேரம் தாண்டியும் பேசிக்கொண்டே நின்றபோது எதிர்க்கட்டிலில் ஏதோ கிசுகிசுத்துச் சிரித்தார்கள். அக்கா குமாஸ்தாவை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்தாள்.

"கல்யாணம் ஆவாத பொண்ணு நீங்க. கேக்க ஆளு இல்லேன்னு நெனைச்சிக்கினா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கோ. இனிமே நான் பாத்துக்கறேன், நீங்க பேஜார் படாதீங்க."

அம்மாவுக்குப் பிறகு 'நான் பாத்துக்கறேன்' என்று என்னிடம் சொன்னவர் அண்ணன் ஒருவர்தான். இப்போது இவள். நான் சுவர்ப்பக்கம் திரும்புவதை விட்டேன். அதன்பிறகும் நாலு மணிக்கு என் கண் வாசலுக்குத்தான் போயிற்று. தெற்கிலிருந்து வருகிற யாரும் இல்லை. தந்தி கிடைத்து எவ்வளவோ நாளாகியிருக்கும். வரமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன்.

ஒரு மத்தியானம் நல்ல வெயில். வார்டு ஆயாக்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அன்றைக்குத்தான் காய்ச்சல் கொஞ்சம் விட்டு நான் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். விழித்தபோது தலைமாட்டில் ஒரு சின்ன ஓலைப்பெட்டி இருந்தது. அக்கா முக்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"எழுந்துட்டீங்களா? ஒரு ஆளு வந்தாரு உங்களைத் தேடிக்கினு. நீங்க இன்னா வோணும்னு கேட்டேன். ஊர்க்காரன்னாரு. ஊர்க்காரரா இருந்தா நாலு மணிக்கு மேல வாங்க, பொம்பளைங்க படுத்துக்கினு கீற எடம்னு நிறுத்திட்டேன்."

"எப்படி இருந்தார்?"

"நெட்டையா, குடையக் கக்கத்துல வச்சிக்கினு. இன்னா மனுசனோ, ஒரு வார்த்த கூட மூஞ்சியப் பாத்துப் பேசல. தரையப் பாத்துக்கினே கேக்கறாரு, ஜொரம் எறங்கிச்சா, கஞ்சி குடிக்குதான்னு. அப்பால அந்த ஜன்னலாண்ட போய் நின்னு உங்களையே பாத்துக்கினு இருந்தாரு. எனக்கு அது புடிக்கல. எழுந்து போய் ஜன்னலுக்கும் உங்க கட்டிலுக்கும் நடுவுல நின்னுக்கினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, இத்தக் குடுத்துட்டு, செங்கல்பட்டு பஸ்ஸுக்குப் பூட்டாரு."

பெட்டியைத் திறந்தேன். சுக்குக் கருப்பட்டி. சின்ன வயதில் காய்ச்சல் விட்டு எழுந்தால் அண்ணன் கடையிலிருந்து எடுத்து வந்து கையில் வைப்பார். உத்திரமேரூர்ப் பக்கத்தில் அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

ராத்திரியும் பகலுமாக பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். 'அண்ணன்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அக்கா தன் முக்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரவைத்திருப்பாள். மனுஷன் சொல்லவில்லை. சொன்ன சொல்லையும் விடாமல், என்னையும் விடாமல் வந்து, தூங்குகிறவளைக் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு ஆத்திரமும் துக்கமும் சேர்ந்து வந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு ஊருக்கு எத்தனையோ கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அடுத்து அங்கிருந்து எனக்கு வந்தது அவர் போய்விட்ட சேதிதான்.

ஆனால் அந்த மத்தியானம் அதெல்லாம் தெரியாது. அக்கா பதறி எழுந்து வந்து என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. அவள் முகம் மாறியது.

"டீச்சர், ரொம்ப வேண்டப்பட்டவங்களா? நான் ஏதாச்சும் தப்பாத் தொரத்தி வுட்டேனா?"

அந்த வார்டில் எனக்கு இருந்த ஒரே காவல் அவள்தான்.

"இல்லக்கா. ஊர்க்காரர்தான்" என்றேன்.

அக்கா மூச்சை விட்டாள். என் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, மறுபடி முக்காலியில் போய் வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.